‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்குப் பிறகு

வேலையில் அடிபட்டு இழப்பீடு கேட்டு வருகிறவர்களோடு பேசுவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. நான் உட்கார்ந்திருப்பது காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம், அதாவது பணம் கொடுக்க வேண்டிய பக்கம். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்ட ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை பின்னோக்கிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்த இடத்தில் பேச்சு முறிந்தது என்று தேடுவேன். தொகை போதவில்லை என்பதற்காகவே தொடங்கிய சண்டைகளும் இருக்கின்றன. ஆனால் நான் பார்த்த பலவற்றில் முறிவு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஃபைலில் சில வாரங்களுக்கு ஒரு குறிப்பும் இருக்காது. அதற்கு அடுத்து வரும் காகிதம் வக்கீலுடையது.

“பேராசை பிடிச்சவங்க” என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அந்தத் தொழிலாளியிடமே கேட்டால் வேறு பதில் வரும். “நான் என்ன சார் பண்றது? யாருமே ஒண்ணும் சொல்லல. கூப்பிட்டா பரிசீலனையில இருக்குன்றாங்க. வக்கீலாவது போனை எடுக்கறாரு.”

இந்த இழப்பீட்டு ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்தக் கோபத்தின் நியாயம் புரியும். 1837-இல் இங்கிலாந்தில் ப்ரீஸ்ட்லி என்ற இளைஞர் தன் முதலாளி ஃபௌலர் மேல் வழக்குப் போட்டார். முதலாளி இறைச்சிக் கடைக்காரர். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டியில் போகும்போது அது உடைந்து, இளைஞருக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஜூரி 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. மேல்விசாரணையில் அது நிற்கவில்லை. ஆபத்து என்று பட்டால் ஊழியர் அந்த வேலையைச் செய்ய மறுத்திருக்கலாமே என்றது தீர்ப்பு. அதன்பின் பல பத்தாண்டுகள், வழக்குக்குப் போன தொழிலாளிகள் மூன்று சுவர்களில் முட்டிக்கொண்டார்கள். ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய், தவறு உன் சக தொழிலாளியுடையதுதானே, உன் கவனக்குறைவும் கொஞ்சம் இருக்கிறதே. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று போதும், கேஸ் படுத்துவிடும்.

அதை முதலில் பெரிய அளவில் மாற்றியது 1884-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி. பிரிட்டன் 1897-இல் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் 1911-இல் விஸ்கான்சினிலிருந்து மாநிலம் மாநிலமாகப் பரவி 1948-இல் மிஸிஸிப்பியில் முடிந்தது. நாட்டுக்கு நாடு விவரம் வேறு, அடிப்படைப் பேரம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. யார் தப்பு என்ற கேள்வியை இரண்டு தரப்பும் கைவிடுகின்றன. முதலாளிக்கு அந்த மூன்று சுவர்களும் கிடையாது. அமெரிக்கா போன்ற இடங்களில் தொழிலாளி தன் முதலாளி மேல் வழக்குப் போட்டு முழு நஷ்டஈடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். பட்ட வேதனைக்கு என்று தனியாகப் பணம் கேட்க முடியாது. இழந்த சம்பளம்கூட முழுதாக வராது, பல இடங்களில் மூன்றில் இரண்டு பங்குதான். இவ்வளவையும் விட்டுக்கொடுத்து அவர் வாங்கிக்கொண்டது நிச்சயம். சண்டை போடாமல், சீக்கிரமாக, இவ்வளவு வரும் என்ற நிச்சயம்.

நிச்சயம் ஒருவருக்கு வந்து சேர வேண்டுமென்றால் யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் அவருடைய பணம் ஒப்புதலாகி, வெள்ளிக்கிழமை போகப்போகிறது என்றால் நிச்சயம் எங்களிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. புதன், வியாழன் இரண்டு ராத்திரியும் அவர் தூங்கமாட்டார். பணம் சரியாக வந்து சேர்ந்த பிறகும், அவர் உரிமையை விட்டுக்கொடுத்து வாங்கிய பொருளில் பாதியை நாங்கள் தராமல் விட்டிருக்கிறோம். இந்த வேலையில் தொடர்பு என்பதை நான் பண்பாட்டு விஷயமாகவோ வாடிக்கையாளர் சேவையாகவோ பார்ப்பதில்லை. இழப்பீட்டின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

முதல் போன் கால் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனடாவின் டொரான்டோவில் வேலை, உடல்நலம் பற்றி ஆராயும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அடிபட்டவர் வேலைக்குத் திரும்புவதற்கு உதவும் ஏழு கோட்பாடுகளை அது 2007-இல் வெளியிட்டது. அவற்றில் ஒன்று, வேலை கொடுத்தவர் தொழிலாளியைச் சீக்கிரமாகவும் கரிசனத்தோடும் தொடர்புகொள்ள வேண்டும் என்பது. சீக்கிரம் என்பதை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள், அதை அளக்க முடியும் என்பதால். ‘24 மணி நேரத்துக்குள் அழைத்தாயிற்று’ என்று ஒரு டிக் போடலாம். கரிசனத்துக்கு டிக் போடக் கட்டம் இல்லை.

முதல் அழைப்பில் பலர் கேட்கும் முதல் கேள்வி, “எப்படி நடந்துச்சு?” அடுத்தது, “கையுறை போட்டிருந்தீங்களா?” அதற்கடுத்து, “ஏன் போடல?” மூன்றே கேள்வியில் 1837-க்குத் திரும்பிப் போய்விட்டோம். சட்டம் நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பே கீழே போட்ட கேள்வியைப் பொறுக்கி எடுத்து, வலியில் படுத்திருப்பவரிடம் நீட்டுகிறோம். கேட்பவர் கெட்டவர் இல்லை, படிவத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. அந்த வரி பெரும்பாலும் விபத்துத் தடுப்புக்காக வைக்கப்பட்டது, அடுத்த ஆளுக்கு அடிபடாமல் இருக்க. அது அவசியமான விசாரணைதான். ஆனால் அதை வேறொருவர், வேறொரு நாளில் கேட்கட்டும். இழப்பீடு தருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஆள் அதே மூச்சில் “ஏன் கவனமா இல்ல?” என்று கேட்டால், பதில் சொல்பவர் தன் வயிற்றுப்பாட்டை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார். தடுப்பு விசாரணைக்கும் உண்மை கிடைக்காது.

விதிவிலக்குகள் உண்டு. குடித்திருந்தது, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியது போன்றவற்றைப் பல நாட்டுச் சட்டங்கள் தனியாக வைத்திருக்கின்றன. அங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒரு வரி முன்னால் சேர்த்தால் போதும்: “இதை எல்லார்கிட்டயும் கேக்கணும்ங்க. கவனக்குறைவா இருந்தீங்கன்றதுக்காக மட்டும் பணம் நிக்காது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.” இதைச் சொன்னதும் எதிர்முனையில் மூச்சு மாறுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நான் “இப்ப எப்படி இருக்கீங்க? கூட யாரு இருக்காங்க?” என்றுதான் ஆரம்பிப்பேன். மரியாதைக்கு மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவரை யார் கூட்டிப்போகிறார்கள், வீட்டில் வேறு சம்பளம் இருக்கிறதா, பேசுகிற நிலையில் இருக்கிறாரா எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். மயக்க மருந்து இறங்காமல் உளறுகிறவரிடம் வாக்குமூலம் பதிவு செய்து, பிற்பாடு அதையே அவருக்கு எதிராகக் காட்டிய ஃபைலும் என் மேசைக்கு வந்திருக்கிறது. அந்த மாதிரிப் பதிவு எந்த விசாரணையிலும் நிற்கப்போவதில்லை, வன்மத்தை வளர்ப்பதோடு சரி.

முதல் அழைப்பில் சொன்னதில் பெரும்பகுதி நினைவில் தங்காது. மருத்துவர்கள் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று ஆய்வாளர் ராய் கெசல்ஸ் 2003-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பயத்தில் இருப்பவர் கொஞ்சம்தான் கேட்பார். அதனால் பேசி முடித்த அன்றே ஒரு பக்கக் கடிதமோ குறுஞ்செய்தியோ போக வேண்டும். க்ளெய்ம் நம்பர், என் பெயர், பொது எண்ணாக இல்லாமல் என் மேசைக்கே வரும் போன் நம்பர், டாக்டரிடமிருந்து என்ன சர்ட்டிஃபிகேட் வேண்டும், முதல் பணம் எந்தத் தேதியில் எவ்வளவு வரும், நான் மறுபடி எந்த நாள் அழைப்பேன். சட்டப் பிரிவுகளை அதில் திணிக்க வேண்டியதில்லை.

முதல் பணம் வருகிற நாள்தான் நம்பிக்கை உடைகிற நாள். கணக்கைப் பாருங்கள். வாரம் 900 வாங்கிக்கொண்டிருந்தவர். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 600. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் முதல் 3 முதல் 7 நாள் வரை காத்திருப்புக் காலம், அந்த நாட்களுக்குச் சம்பள இழப்பீடு கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் விட்ட நாட்களையும் பிற்பாடு சேர்த்துத் தருவார்கள். காத்திருப்பு 3 நாள், வாரத்துக்கு 7 நாள் கணக்கு என்று வைத்தால், முதல் வாரத்துக்குக் கிடைப்பது 4 நாளுக்கு, அதாவது சுமார் 343. அவர் 900 எதிர்பார்த்தார், கைக்கு வந்தது 343. எங்கள் கணக்கு காசு சுத்தம். அவர் வீட்டிலோ ஒருவர் பழைய சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவால் அடிக்கோடிட்டு, “பாத்தியா, ஏமாத்திட்டானுங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஓவர்டைம் சராசரிச் சம்பளக் கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. பணம் போவதற்கு முன்னால் இந்தக் கணக்கை நாலு வரியில் எழுதி அனுப்பினால், தொகை அதே 343 ஆனாலும் அது ஏமாற்று ஆவதில்லை. பணம் வந்த பிறகு விளக்கினால் அது சமாளிப்பாகத்தான் காதில் விழும்.

இப்போது அந்த ‘பரிசீலனையில் உள்ளது’. என் மேசையில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்: எலும்பு டாக்டரின் ரிப்போர்ட் வரவில்லை, கேட்டு எழுதியிருக்கிறேன், வந்ததும் பார்ப்பேன். இதில் சந்தேகமும் இல்லை, சதியும் இல்லை, வெறும் தாமதம். ஆனால் அடிபட்டவர் வீட்டில் இருந்து அந்தச் சொற்களைக் கேட்டால் படம் வேறு. நம்மை நம்பவில்லை, வேவு பார்க்கிறார்கள், இழுத்தடித்தால் ஓய்ந்துவிடுவான் என்று பார்க்கிறார்கள். அவர் கற்பனை ஆதாரமில்லாததும் இல்லை. வீடியோ எடுத்து வேவு பார்ப்பது இந்தத் துறையில் நடப்பதுதான், எல்லோருக்கும் தெரியும். தகவல் இல்லாத இடத்தில் மனம் மோசமானதை வைத்துத்தான் நிரப்பும். கனடாவின் கியூபெக்கில் தொழிலாளிகளிடம் பேசி கேத்தரின் லிப்பெல் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, காயத்தோடு சேர்ந்து இழப்பீட்டு நடைமுறையே அவர்கள் உடல்நலத்தைக் கெடுத்ததை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தது. பொய்யர்போல் நடத்தப்பட்டதைப் பற்றி அதில் நிறையப் பேசுகிறார்கள்.

ஆகவே, சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்திலும் நான் அழைப்பேன். அந்த அழைப்பு இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, புது விஷயம் ஒண்ணும் இல்ல. டாக்டர் ரிப்போர்ட் இன்னும் வரல. திங்கட்கிழமை மறுபடி கேட்டிருக்கேன். அதுக்காக உங்க வாரப் பணம் நிக்காது. வந்தாலும் வராட்டியும் வியாழக்கிழமை நான் கூப்பிடறேன்.”

ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் புதிதாகக் கொடுக்கும் வாக்குறுதி ஒன்றுதான், வியாழக்கிழமை அழைப்பேன் என்பது. அதை என்னால் காப்பாற்ற முடியும். “கவலையே படாதீங்க, எல்லாம் வந்துடும்” என்று சொல்லும் நல்ல மனசுக்காரர்கள் எங்கள் ஆபீஸில் இருக்கிறார்கள். மௌனத்தைவிட அது ஆபத்து என்பது என் கருத்து. முடிவு தன் கையில் இல்லாதபோது ஆறுதல் சொன்னவர், பாதகமான முடிவு வந்தால் பொய்யராகிறார். அதற்குப் பிறகு அவர் சொல்லும் உண்மையும் எடுபடாது.

இத்தனை ஃபைலுக்கு நடுவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஃபைல் குவிந்துகிடக்கிற ஆபீஸில் எல்லோரையும் வாராவாரம் அழைக்க முடியாது. ஆனால் அழைக்காத ஃபைல்கள் சும்மா இருப்பதில்லை. அவை நம்மை அழைக்கின்றன, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, பிறகு மேலதிகாரியை ஒருமுறை. நேரம் எப்படியும் போகத்தான் போகிறது. வேலைக்குப் போகாமல் இருப்பவர்களையாவது முதலில் வைத்துக்கொள்ளலாம். வேலை பார்த்துக்கொண்டே கைக்கட்டு மாற்றிக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி போதும்.

எங்கள் பக்கம் மட்டும் இல்லை, தொழிலிடமும் மௌனமாகிவிடுகிறது. “க்ளெய்ம் நடக்குது, நீ ஒண்ணும் பேசாத” என்று சூப்பர்வைசரிடம் யாரோ சொல்லிவிடுகிறார்கள். தினமும் கூட நின்று டீ குடித்த மனிதர் திடீரென்று போனை எடுப்பதில்லை. படுத்திருப்பவருக்கு அது வேலை போனதற்கான அறிகுறி. இதன் விலை பெரிது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தொழில்சார் மருத்துவர்கள் அமைப்பின் அறிக்கை எடுத்துக்காட்டும் கணக்குப்படி, 20 நாள் வேலைக்கு வராதவர் என்றாவது திரும்ப வரும் வாய்ப்பு 70 சதவீதம், 45 நாள் ஆனால் 50, 70 நாள் ஆனால் 35. பெரிய காயம் பட்டவர்கள்தானே அதிக நாள் வராமல் இருப்பார்கள் என்று இந்தக் கணக்கோடு வாதாடலாம், நானும் வாதாடியிருக்கிறேன். அப்படியே இருந்தாலும், “எப்படியிருக்க? உன் இடம் அப்படியேதான் இருக்கு” என்று சூப்பர்வைசர் சொல்லும் ஒரு வரிக்கு எந்த வக்கீலும் தடை சொல்லத் தேவையில்லை. விபத்து பற்றிப் பேச வேண்டாம், அவ்வளவுதான்.

மாற்றுப்பணி, அதாவது குணமாகும்வரை தரும் இலகுவான வேலை, அந்த விஷயத்திலும் பேச்சு மொட்டையாகத்தான் நடக்கிறது. நிறுவனம் டாக்டரிடம் “வேலைக்கு வரலாமா?” என்று கேட்கும். டாக்டருக்கு அந்த வேலை என்னவென்றே தெரியாது, பாதுகாப்பாக “இன்னும் 4 வாரம் ஓய்வு” என்று எழுதுவார். அதற்குப் பதிலாக, தொழிலாளியின் சம்மதத்தோடு, வேலையை விவரித்து ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். நின்றுகொண்டு 2 மணி நேரம், உட்கார்ந்து 4 மணி நேரம், 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டியதில்லை, தோளுக்கு மேல் கை போகாது. டாக்டரின் பதிலே மாறும். தொழிலாளிக்குப் போகும் கடிதத்திலும் அதே விவரம் இருக்கட்டும். வெறுமனே ‘லைட் டியூட்டி’ என்று போட்டால், போன முறை யாருக்கோ லைட் டியூட்டி என்று சொல்லி மூட்டை தூக்க வைத்த கதைதான் அவர் நினைவுக்கு வரும்.

மொழி தெரியாத இடத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கு இவை எல்லாம் இரட்டிப்பு. இந்தியாவின் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் 2017-இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்குச் சேரும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று. நல்ல யோசனை, அடிபட்ட பிறகும் அதே அக்கறை வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து அப்பாவின் ஊனச் சதவீதத்தைப் பேசக்கூடாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மறுப்பு சொல்வதுதான் இந்த வேலையிலேயே கடினம். பொதுவாகப் போகும் கடிதம் இப்படி இருக்கும்: “தங்கள் காயம் பணியின் காரணமாகவும் பணியின்போதும் ஏற்பட்டது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாமையால் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.” 1897 பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து வந்த சொற்கட்டு இது. இன்றும் பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது, கடிதத்திலும் இருந்தாக வேண்டும். ஆனால் படிப்பவருக்கு அதில் தெரிவது ஒன்றுதான்: நீ பொய் சொல்கிறாய். நான் அதற்குக் கீழே ஒரு பத்தி சேர்ப்பேன். “உங்களுக்கு முதுகில் வலி இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. 14-ஆம் தேதி எடுத்த ஸ்கேனில் தெரிவது பழைய தேய்மானம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். 9-ஆம் தேதி பெட்டி தூக்கியதால் அது மோசமானது என்று உங்கள் டாக்டர் கருதினால், அதை எழுதி வாங்கி அனுப்புங்கள், மறுபடி பார்க்கிறோம். இந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இந்தத் தேதி வரை நேரம் இருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் உரிமை.” கடைசி வரியைப் பார்த்து என் மேலதிகாரி ஒருவர் முகம் சுளித்தார். நான் எடுக்கவில்லை. வக்கீல் வேண்டாம் என்று தொழிலாளியைத் தடுப்பது ஒழுங்கற்ற வேலை, பல இடங்களில் சட்டப்படியும் தப்பு.

அந்தக் கடிதம் போய்ச் சேருவதற்கு முன் ஒரு போன் போக வேண்டும். திட்டு விழும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2001-இலிருந்து, சிகிச்சையில் தவறு நடந்தால் தாங்களே முன்வந்து சொல்லி, தேவையானால் மன்னிப்புக் கேட்டு, ஈடும் கொடுக்கத் தொடங்கின. 1 லட்சம் நோயாளிச் சந்திப்புகளுக்கு மாதம் 2.13 ஆக இருந்த வழக்கு 0.75 ஆகக் குறைந்ததாக 2010-இல் வெளியான ஆய்வு சொன்னது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் வழக்கு குவியும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

ஃபைல் குறிப்பும் ஒருவகைப் பேச்சுதான். “வலிக்கிறதாம். நம்பும்படி இல்லை” என்று ஒருவர் எழுதிவைத்துவிட்டு வேறு பிரிவுக்குப் போய்விடுவார். அடுத்து வருபவர் அதைப் படித்த பிறகுதான் போனை எடுப்பார், அவர் குரலிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கும். என்ன சொன்னார், என்ன பார்த்தோம், என்ன சொல்லியிருக்கிறோம், அடுத்த அழைப்பு எப்போது, இவை போதும். முழுக்கதையையும் தொழிலாளி மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது. ஆள் மாறும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒரே போனில் பேசினால் இன்னும் நல்லது.

ஃபைலை மூடும்போது பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. கடைசிப் பணம் போகும், பிறகு ஒரு நாள் மருந்துக்கடையில் பில் மறுக்கப்படும்போதுதான் க்ளெய்ம் முடிந்தது அவருக்குத் தெரியவரும். அதனால் மூடுவதற்கு முன்னாலும் ஓர் அழைப்பு, ஒரு கடிதம். எது முடிகிறது, எந்தச் சிகிச்சை இன்னும் தொடரும், வலி திரும்ப வந்தால் யாரிடம் போவது என்று அதில் இருக்க வேண்டும். ஃபைலை மறுபடி திறக்கக் காலக்கெடு உள்ள இடங்களில் அதைத் தேதியாகவே எழுதுங்கள். ‘கடைசியாகப் பணம் வழங்கிய நாளிலிருந்து இத்தனை ஆண்டுகளுக்குள்’ என்று எழுதினால், அந்த நாள் எது என்று கேட்டு அவர் மறுபடி உங்களுக்குத்தான் போன் செய்ய வேண்டியிருக்கும்.